உளவியல் கலைச்சொல்: பொய்யொருமிப்பா, தன்னொப்பு மிகையா?

செ.: முதலாண்டு உளவியல் பாடநூலின் சொல்லடைவு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. ‘ஃபால்ஸ் கன்சென்சஸ் எஃபெக்ட்’ மட்டும் தொங்கலில் நிற்கிறது. தன் கருத்தே பிறர்க்கும் இருப்பதாக மிகுத்து எண்ணுவது. 1977இல் லீ ராஸ், டேவிட் கிரீன், பமீலா ஹவுஸ் எழுதிய ஆய்வில் வந்த பெயர். வரைவில் ‘பெரும்பான்மை மாயை’ என்று போட்டிருக்கிறேன். இதைவிட நல்ல தமிழ்ச்சொல் உண்டா? குழுவினர் சொல்லுங்கள், வாக்கெடுத்து முடிவு செய்வோம்.

நா.: மாயை வடசொல். ‘பொய்யொருமிப்பு’ என்க. தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வர இரட்டும், புணர்ச்சியும் செம்மை.

ம.: வடசொல் கிடக்கட்டும், கோளாறு ‘பெரும்பான்மை’யில் இருக்கிறது. அந்த ஆய்வில், விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் வளாகத்தைச் சுற்றிவரச் சம்மதமா என்று ஸ்டான்ஃபோர்டு மாணவர்களைக் கேட்டார்கள். சம்மதித்தவர்கள், நூற்றுக்கு 62 பேர் சம்மதிப்பார்கள் என்றார்கள். மறுத்தவர்கள் 33 என்றார்கள். இரண்டு மதிப்பீட்டுக்கும் இடையே விழும் பள்ளம்தான் விளைவு. தான் சிறுபான்மை என்று தெரிந்தவரிடமும் இது உண்டு. புகைப்பவர் ‘40 பேர் புகைப்பார்கள்’ என்றும் புகைக்காதவர் ‘25’ என்றும் சொன்னால், 40 பெரும்பான்மை ஆகாது, விளைவு இருக்கிறது. ‘பொய்’யும் இடிக்கிறது. வேறு தகவல் கையில் இல்லாதபோது தன்னையே ஒரு மாதிரியாகக் கொள்வது தவறல்ல என்று உளவியலாளர் ராபின் டாஸ் 1989இல் வாதிட்டார்.

இரா.: அப்படியானால் ‘போலி ஒருமிப்பு’. போலி, ‘போல்’ அடியாகப் பிறந்தது. அறம் அறன் ஆவது கடைப்போலி. அதில் பொய் எங்கே?

ம.: இலக்கண வகுப்பில் சரி. வெளியே போலி டாக்டர், போலி பாஸ்போர்ட்.

நா.: ‘ஒருமிப்பு மயக்கம்’ ஆகுமா? திணைமயக்கம், மெய்ம்மயக்கம் எல்லாம் கலத்தலே. தன் எண்ணமும் பிறர் எண்ணமும் கலந்துவிடுகின்றன.

செ.: ஐயா, பிள்ளைகள் தண்ணீர் தெளிக்க ஓடுவார்கள்.

ப.: பெயர் எதுவானாலும், இந்த விளைவை வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கப் பாடநூலில் தந்திருக்கும் செய்முறைப் பெட்டியைத் திருத்துங்கள். முதலில் கை தூக்கச் சொன்னால் எண்ணிக்கை கண்முன்னே தெரிந்துவிடும், அப்புறம் மதிப்பீடு எதற்கு? ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. மேலே தன் விடை, ஆம் அல்லது இல்லை. கீழே, வகுப்பில் நூற்றுக்கு எத்தனை பேர் ‘ஆம்’ என்பார்கள் என்ற எண். எல்லாரிடமும் ‘ஆம்’ கணக்கே கேட்க வேண்டும். ‘உன்னைப் போல் எத்தனை பேர்’ என்று கேட்டால் கழித்தல் குழம்பும். சீட்டுகளை விடைப்படி இரண்டு கட்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் சராசரி எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க. ஒரு கட்டில் மூன்று, நான்கு சீட்டே இருந்தால் அந்தச் சராசரியை நம்ப வேண்டாம், கேள்வியை மாற்றுங்கள். என் சொல் ‘தன்னொப்பு மிகை’: தன்னை ஒத்தவர் என்ற கணக்கு மிகுவது.

நா.: தன்னொப்பு என்றால் தானே கையொப்பமிட்டது போல் இருக்கிறது. ஒப்பும் ஒப்பமும் ஒரே அடி.

இரா.: காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று பாட்டி சொன்னதற்கு இவ்வளவு பாடா! ‘மஞ்சட்காட்சி’ என்று வைத்தால் மறக்கவே மாட்டார்கள்.

ம.: மறக்க மாட்டார்கள், தேர்வில் கண்நோய் என்று எழுதுவார்கள்.

செ.: வந்த வாக்கு ஏழு. தன்னொப்பு மிகை நான்கு, பொய்யொருமிப்பு இரண்டு, மஞ்சட்காட்சி ஒன்று. முதலதைப் போட்டு அனுப்புகிறேன்.

நா.: வாக்களிக்காமல் படித்துக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் பொய்யொருமிப்புப் பக்கமே. அடிக்குறிப்பிலாவது சேர்க்கவும், இரண்டு யகரம், மறக்க வேண்டாம்.