வாசல்ல 300 சதுர அடி தோட்டம்: பாலி ஸ்டைலா, ஜென் ஸ்டைலா? குழப்பிட்டாங்க, ஹெல்ப் ப்ளீஸ்

கல்லணைக்காரன்:

வணக்கம் மக்களே. திருச்சில புது வீடு கட்டி தை மாசம் பால் காய்ச்சியாச்சு, உள் வேலையெல்லாம் ஒரு வழியா முடிஞ்சுது, வாசப்பக்கம் மட்டும் 22க்கு 14, கிட்டத்தட்ட 300 சதுர அடி வெறும் மண்ணா கெடக்கு. மேற்கு பாத்த வீடு. வீட்டம்மா ஆறு மாசமா பின்ட்ரெஸ்ட்ல படம் சேத்து வச்சிருக்காங்க. ஒரு நாள் பாலி ரிசார்ட் மாதிரி பெரிய பெரிய இலைச் செடியா வேணும்பாங்க, மறுநாள் வெள்ளைக் கல்லைக் கொட்டி நடுவுல ஒரு பாறை, ஜப்பான்ல ஜென் தோட்டம்பாங்களே அது மாதிரி, அவ்ளோதான்பாங்க. எங்கம்மாவுக்கு துளசி மாடமும் கோலம் போட எடமும் இருந்தா போதும், மத்ததெல்லாம் "பாம்பு வர்றதுக்கு நீங்களே வழி பண்றீங்க".

லேண்ட்ஸ்கேப் பண்றவர் ஒருத்தர் வந்து பாத்துட்டு கொட்டேஷன் குடுத்தார். தரை முழுக்க செயற்கைப் புல், ஓரத்துல வெள்ளைக் கூழாங்கல், காம்பவுண்ட் ஓரமா அரேகா பாம்ங்கற அலங்காரப் பனை 12, கம்பிக் கூண்டுக்குள்ள கருங்கல் அடுக்குன சுவர் (கேபியன்னாமாம்), ஒரு புத்தர் தலை, ரெண்டு விக்கர் சேர் (பிரம்பு மாதிரி பிளாஸ்டிக் பின்னல் போட்டது), ஒரு டீபாய். மொத்தம் 2 லட்சத்து 40 ஆயிரம். "இப்ப எல்லாரும் இதான் சார் பண்றாங்க"ங்கறார். என் பட்ஜெட் ஒன்றரை. எனக்கு ஆசை ஒண்ணே ஒண்ணுதான், ஆபீஸ் விட்டு வந்து அஞ்சரை மணிக்கு வெளிய உக்காந்து ஒரு டீ குடிக்கணும். எது பண்ணலாம், எது காசு தண்டம், சொல்லுங்க.

வேளச்சேரி அக்கா:

தம்பி, மொதல்ல அந்த செயற்கைப் புல்லை அடிச்சு விடுங்க. நாங்க 2021ல மொட்டை மாடில போட்டோம், லாக்டவுன்ல எல்லாருக்கும் தோட்ட ஆசை வந்துச்சே அப்ப. மார்கழில போட்டது, ஒரு மாசம் வீட்டுக்கு யார் வந்தாலும் மேல கூட்டிட்டுப் போயி காட்டுனோம். சித்திரை வந்துச்சு பாருங்க, மத்தியானம் துணி எடுக்கப் போன என் பையன் வெறுங்காலோட ரெண்டு அடி வச்சுட்டு ஒத்தக் கால்ல குதிச்சுட்டே ஓடி வந்தான். பிளாஸ்டிக்தானே, நேர் வெயில்ல 60 டிகிரிய சாதாரணமா தாண்டும். சாயங்காலம் தண்ணி தெளிச்சாதான் நிக்கவே முடியும், அப்புறம் என்னத்துக்கு அது புல்லு? நாய் வேற வச்சிருக்கோம், அந்த நாத்தம் எத்தனை தடவை கழுவினாலும் போகல. மூணாவது வருஷம் நடக்குற எடமெல்லாம் படுத்துப்போயி ஒரு மாதிரி நீலம் பூத்துடுச்சு, சுருட்டி எடுத்துட்டோம். அதுவும் தரையில போடுறப்ப அடியில காங்கிரீட் ஊத்துறாங்க, இல்லன்னா கிரஷர் தூளைக் கொட்டி இறுக்கிடறாங்க, அப்புறம் மழைத்தண்ணி எங்க இறங்கும்? மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு 2003லயே சட்டம் வந்த ஊர்ல, இருக்குற கொஞ்ச மண்ணையும் நாமளே அடைச்சுட்டு...

விக்கர் சேர் பத்தி ஒண்ணு. கடைக்குப் போறப்ப பிரிட்ஜ்ல ஒட்டுற காந்தம் ஒண்ணை பைல போட்டுக்கோங்க. சேர் காலுல வச்சுப் பாருங்க, ஒட்டுச்சுன்னா இரும்பு பிரேம், மழைல விட்டா ரெண்டு வருஷத்துல பின்னலுக்குள்ளயே துரு பிடிச்சு தரையில செம்மண் கலர்ல வழியும். ஒட்டலன்னா அலுமினியமா இருக்க வாய்ப்பு அதிகம், வெலை கூடத்தான் ஆனா தாங்கும். பின்னலும் மட்டமான பிளாஸ்டிக்னா வெயில்ல முறுகி ஒடிஞ்சு முள்ளு மாதிரி நிக்கும், என் நல்ல காட்டன் புடவை ஒண்ணு அதுல போச்சு.

பச்சைக்கை கோவை:

நானும் லேண்ட்ஸ்கேப் தொழில்தானுங்க, கோயமுத்தூர்ல 12 வருசமா பண்ணிட்டிருக்கேன். உங்களுக்கு கொட்டேஷன் குடுத்தவரைக் குத்தம் சொல்ல வரலீங்க, கஸ்டமரே போனைக் காட்டி "இதே மாதிரி"ம்பாங்க, நாம வேற சொன்னா வேற ஆளைப் பாப்பாங்க. இருந்தாலும் மேற்கு பாத்த எடத்துக்கு அந்த லிஸ்ட் சரி வராதுங்க.

பாலி ஸ்டைல்ங்கறது எப்பவும் ஈரக்காத்து இருக்குற ஊருக்குச் சரி. திருச்சில மே மாசம் 40ஐத் தாண்டுது, காத்து காஞ்சு கெடக்கு, அரேகா பாமை மேற்கு வெயில்ல வச்சா இலை நுனியெல்லாம் பொசுங்கி தொடப்பம் மாதிரி ஆயிரும். அப்புறம் ஆடிக்காத்து இருக்குதுங்களே, ஹெலிகோனியா, விசிறி வாழை இந்த மாதிரி அகல இலையெல்லாம் நார் நாராக் கிழிச்சுப் போடும். படத்துல இருக்குற இலை கிழியாம இருக்குதுன்னா அங்க நாலு பக்கமும் மறைப்பு இருக்குதுன்னு அர்த்தம்.

ஜென் தோட்டத்துக்கு வாறேன். ஜப்பான்ல கியோட்டோ ஊர்ல ரியோஆன்ஜின்னு கோயில், வெள்ளைச் சரளைல 15 பாறை, எங்க உக்காந்து பாத்தாலும் 14தான் கண்ணுக்குத் தெரியும்பாங்க. அதுல செடிக்குத் தண்ணி ஊத்தற வேலை இல்லியேன்னு நம்மாளுங்களுக்கு ஆசை. ஆனா அதை வாரி வாரி கோடு போட்டு இலை பொறுக்கறதுதான் அங்க வேலையே! உங்க பக்கத்துல வேப்பமரம் ஏதாச்சும் இருக்குதுங்களா? இருந்தா மாசி பங்குனில வெள்ளைக் கல்லு மேல இலை உதுந்து கெடக்கும், ஒவ்வொண்ணா பொறுக்கோணும், ஊதற மெசின் வச்சா கல்லும் சேந்து பறக்கும். மழைக்காலத்துல வெள்ளை பச்சையாயிரும். கல்லுக்கு அடில வீட் மேட் (களை வராம தடுக்கற விரிப்பு) போடாம விட்டா ஆறே மாசத்துல கோரை முளைச்சு வரும்.

நிஜப் புல்லுன்னா, கொரியன் கிராஸ் பாக்க மெத்து மெத்துன்னு இருக்கும், ஆனா கணக்கு போட்டுக்கோங்க. 300 சதுர அடிக்கு வாரம் ஒரு இஞ்ச் தண்ணி விட்டாலே 700 லிட்டர், வெயில் காலத்துல அதுக்கும் மேல. போர் தண்ணி இருக்குதுங்களா? கடைல பெர்முடா கிராஸ்னு வெலை சொல்லி விக்கறது வேற ஒண்ணுமில்லீங்க, நம்ம புள்ளையாருக்குப் போடற அருகம்புல்லு இனந்தான்.

இன்னொண்ணு, யாராச்சும் காம்பவுண்ட் ஓரம் வேகமா மறைக்கும்னு கோனோகார்ப்பஸ்ங்கற வெளிநாட்டு மரத்தை நடச் சொன்னா வேண்டாம்னுருங்க. வேர் பைப்பைத் தேடிப் போகுதுன்னும் பூந்தூள் அலர்ஜின்னும் புகார் வந்து குஜராத்ல 2023லயே தடை பண்ணிட்டாங்க. செம்பருத்தியும் விருட்சியும் வைங்க, வெயிலைத் தாங்கும், சாமிக்கும் பூவாச்சு.

யாழ் முற்றம்:

வணக்கம் அண்ணை. பாலி ஸ்டைல் எண்டு நீங்கள் சொல்லுறதில எங்கட இலங்கைக் கதையும் கொஞ்சம் இருக்கு. ஜெஃப்ரி பாவா எண்ட கட்டடக் கலைஞர் 1948இல பெந்தோட்டைக்குக் கிட்ட ஒரு பழைய றப்பர் தோட்டத்தை வாங்கி, லுனுகங்க எண்டு பேர் வச்சு, 2003இல சாகும்வரைக்கும் அதை மாத்திக்கொண்டே இருந்தவர். 70களில பாலியில சனூர்ப் பக்கமும் போய் வேலை செய்தவர். லுனுகங்கவை நான் போய்ப் பாத்தனான், பூவே பெரிசா இல்லை, ஆனா அவ்வளவு வடிவு. எல்லாம் பச்சையும் நிழலும்தான். ஈழத்தலரி மரத்தின்ர கிளைகளில பாரம் கட்டித் தொங்கவிட்டு அகல விரிய வச்சிருக்கிறார். ஒரு மரத்துக்குக் கீழ தனிய ஒரு பெரிய சாடி, அதைத் தாண்டித் தூரத்தில வெளி. அவ்வளவுதான், வேற சாமான் ஒண்டும் இல்லை. காலமை இருக்கிறதுக்கு ஒரு இடம், பின்னேரம் இருக்கிறதுக்கு இன்னொரு இடம் எண்டு வெயிலைப் பாத்துக் கதிரை போட்டிருக்கினம். நீங்கள் உங்கட அஞ்சரை மணிக் கதிரை எங்க எண்டு முதல் பாருங்கோ, மிச்சத்தைப் பிறகு யோசிக்கலாம்.

கல்லணைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி, வீட்ல ஸ்க்ரோல் பண்ணிக் காட்டிட்டேன். பக்கத்து வீட்டு வேம்பு பாதி எங்க பக்கந்தான் சாஞ்சிருக்கு, அதனால ஜென் அவுட், அம்மாவுக்கு ஏக சந்தோஷம். புத்தர் தலை பத்தியும் வீட்ல பெரிய பஞ்சாயத்து, "தலைய மட்டும் தனியா வெட்டி வாசல்ல வைக்கிறது என்னடா வழக்கம்"னு அம்மா கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

யாழ் நண்பர் சொன்னபடி நேத்து ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிட்டுப் போயி அஞ்சரைக்கு ஒவ்வொரு எடமா போட்டு உக்காந்து பாத்தேன். எங்க போட்டாலும் சூரியன் நேரா மூஞ்சில. கேட்டுக்குப் பக்கத்துல வேம்பு நிழல் விழற ஒரு பத்தடிதான் தேறுச்சு. இப்ப வீட்டம்மா செட்டிநாடு ஸ்டைலுக்கு மாறிட்டாங்க. வாசல்ல ஆத்தங்குடி டைல்ஸ், மரத்தூண், பித்தளை உருளில பூ. இது எப்படி?

காரைக்குடி வாண்டு:

வாங்க வாங்க, நம்ம ஏரியாவுக்கு வந்துட்டீங்க. ஆனா ஆத்தங்குடி கல்லை வெளில போடாதீங்கண்ணே. அது சூளைல சுடுற டைல்ஸ் இல்ல, கண்ணாடி மேல சாயத்தை ஊத்தி சிமெண்டைப் போட்டு தண்ணில ஊற வச்சு எடுக்கிறது. வீட்டுக்குள்ள நடக்க நடக்க பளபளப்பு ஏறும், வெயில்லயும் மழைலயும் கெடந்தா சாயம் மங்கிப் போகும், ஈரத்துல வழுக்கவும் செய்யும். எங்க வீடுகள்லயே பாருங்க, வெட்டவெளி முற்றத்துல கருங்கல்லுதான் பாவியிருப்பாங்க.

தூணு, ஜாடி, உருளி எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல கடை கடையா கெடைக்கும். ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து சுத்துங்க. மரத்தூணை மழைல நிறுத்தணும்னு நெனைக்காதீங்க, நம்ம பாட்டன்மாரு அதைத் தாழ்வாரத்துக்குள்ளதான் நிறுத்துனாங்க. பழசுன்னு சொல்லி புதுச் சாமானுக்கு ஆசிட் தடவி வச்சிருக்கிறதும் உண்டு, ஜாடின்னா அடியைத் திருப்பிப் பாருங்க, அம்பது வருசம் இழுபட்டிருந்தா விளிம்பு ஒரே மாதிரி இல்லாம தேஞ்சிருக்கும்.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு வாங்குங்க, கல்தொட்டி. மாடு தண்ணி குடிச்ச தொட்டி. யாராவது அதுல ஓட்டை போட்டு செடி வைக்கச் சொன்னா கேக்காதீங்க, தண்ணி நிரப்பி அல்லி போடுங்க, கப்பி மீன் பத்து விட்டா கொசுப் புழுவையெல்லாம் அது பாத்துக்கும். உருளில பூ மிதக்க விட்டா ஃபோட்டோவுக்கு அழகு, ஒரு வாரம் தண்ணி மாத்தாம விட்டா கொசுப்பண்ணை. பித்தளைய வெளில வச்சா தேச்சு மாளாது, அதையும் யோசிச்சுக்கங்க.

அம்மா கோலத்துக்கு நாலடிக்கு நாலடி கருங்கல் பலகை ஒண்ணு கொத்தி வாங்கிப் போடுங்க, பாலீஷ் வேணாம். கருப்புல வெள்ளை மாவு எப்படி எடுத்துக் காட்டும் தெரியுமா!

மாடித்தோட்டம் 84:

குறுக்க வர்றேன் மன்னிக்கணும், எனக்கு தரையே இல்ல, இதே மாதிரி கருங்கல், புல்லு, பெஞ்ச் எல்லாம் மாடில பண்ணலாமா?

பச்சைக்கை கோவை:

எஞ்சினியரைக் கேக்காம பண்ணாதீங்க. போய் வர்ற மாடிக்கு பொதுவா சதுர மீட்டருக்கு 150 கிலோ வரைக்குந்தான் கணக்குல எடுப்பாங்க. ஒரு அடி உயரம் ஈர மண்ணு கொட்டுனா அதுவே 500 கிலோ வந்துருமுங்க. தேங்காய் நார்க் கழிவு கலந்த தொட்டிய பீம் ஓரமா வைங்க, புல்லு வேண்டாம்.

திருச்சி அண்ணாவுக்கு: வேம்பு நிழல் பத்தலீன்னா பெர்கோலா (தூண் நிறுத்தி மேல சட்டம் போடற பந்தல்) போடலாம், ஆனா மேல பாலிகார்பனேட்ங்கற பிளாஸ்டிக் சீட்டு போட்டா அடில அடுப்பாயிரும். ஜிஐ பைப்புல (துத்தநாகம் பூசுன இரும்புக் குழாய்) சாதாரண பந்தல் கட்டி ரங்கூன் மல்லிக் கொடி ஏத்துங்க. வெள்ளையாப் பூத்து மறுநாள் ரோஸாகி அப்புறம் செவப்பாயிரும், சாயங்காலம் வாசம் தூக்கும், மேற்கு வெயில் அதுக்கு ஒரு பொருட்டே இல்லீங்க. லைட்டு போடறப்ப 3000 கெல்வின் வார்ம் வொய்ட் (மஞ்சளா எரியறது) ரெண்டு போதும், பளிச்சுன்னு வெள்ளை லைட் போட்டா பூச்சி பூரா டீ டம்ளர்ல வந்து விழும். கருப்புக் கடப்பா பெஞ்ச் மட்டும் போட்டுராதீங்க, பகல் பூரா வெயிலைக் குடிச்சுட்டு நீங்க வந்து உக்கார்ற நேரத்துலதான் திருப்பிக் குடுக்கும்!

கல்லணைக்காரன்:

ஆவணி அப்டேட். மொத்தம் 1 லட்சத்து 12 ஆயிரத்துல முடிஞ்சுது. பந்தல் போட்டாச்சு, ரங்கூன் மல்லி பாதிக்கு மேல ஏறிடுச்சு. கருங்கல் பலகைல அம்மா தெனம் கோலம் போடறாங்க, தெருவே நின்னு பாத்துட்டுப் போகுது. காரைக்குடி போயி கல்தொட்டி ஒண்ணு எடுத்தோம், நாலு பேர் புடிச்சு எறக்குனோம், வண்டி வாடகை தொட்டி வெலையில பாதி. விக்கர் சேர் வாங்கவே இல்ல, கயித்துக் கட்டில் ஒண்ணு வாங்கிப் பந்தலுக்கு அடில போட்டேன். பிரச்சனை என்னன்னா அஞ்சு மணிக்கே அம்மா வந்து படுத்துடறாங்க, நான் டீ டம்ளரோட வாசப்படில உக்காந்திருக்கேன்.

வீட்டம்மாவுக்காக துளசி மாடத்துக்குப் பின்னாடி மூணுக்கு மூணு மட்டும் வெள்ளைப் பொடிக்கல் போட்டு ஒரு பாறை வச்சேன். மறுநாள்லேருந்து தெருப்பூனை ஒண்ணு அதைக் கக்கூஸா ஆக்கிடுச்சு. இதுக்கு யார்கிட்டயாவது வழி இருக்கா?

வேளச்சேரி அக்கா:

பொடிக்கல்லை வாரிட்டு முட்டை சைஸ் கூழாங்கல் போடுங்க தம்பி, அதுக்குத் தோண்ட வராது. இன்னொரு கட்டிலும் வாங்கிடுங்க.