குடிநீர் இணைப்புப் பதிவேட்டை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தோட்டம் விற்கப்பட்ட பின் லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு எங்கள் நகரத்துக் கம்பத்தில் (கிராமக் குடியிருப்பில்) குடியேறிய சில குடும்பங்கள், எப்போதிருந்து அங்கு வசிக்கிறோம் என்பதை நில அலுவலகத்தில் நிரூபிக்க வேண்டியுள்ளது. கையில் இருப்பது மீட்டர் எண் மட்டும் தெளிவாகத் தெரியும், மடிப்புகளில் கிழிந்த ஒரு பழைய தண்ணீர் பில். முதல் இணைப்பு கொடுத்த தேதியைக் கேட்டதற்கு, 7 ஆண்டுகளுக்கு முந்தியவை எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டன என்று குடிநீர் நிறுவனத்தின் முகப்பில் சொல்லிவிட்டார்கள்.

7 ஆண்டு என்பது மலேசியாவின் வருமான வரிச் சட்டம் 1967 கணக்குப் பதிவுகளுக்கு விதிக்கும் காலம். பில்லுக்கும் ரசீதுக்கும் அது போதும். ஆனால் இணைப்பு விண்ணப்பமும் குழாய் வரைபடமும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. குழாய் மண்ணுக்கடியில் இருக்கும்வரை அவையும் இருக்க வேண்டும் என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். மேலும், தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் 2003இன்படி, அரசுத் துறைகளின் பொதுப் பதிவுகளைக் காப்பகத் தலைமை இயக்குநரின் அனுமதியின்றி அழிக்க முடியாது. நிறுவனமாக மாற்றப்பட்ட குடிநீர் அமைப்புகள், தாங்கள் முன்பு அரசுத் துறையாக இருந்தபோது எழுதிய பதிவேடுகளை எப்படிக் கையாண்டன என்பதே எங்கள் முக்கியக் கேள்வி.

இத்துறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற அண்ணன்மார், அக்காமார் யாரேனும் இருந்தால், பழைய இணைப்புப் பதிவேடுகள் எந்தக் கிடங்குக்குப் போகும், அழிப்பு அனுமதிக் கடிதத்தின் நகலை யாரிடம் கேட்கலாம் என்பதைத் தெரிவியுங்கள். காப்பகத்துக்கு மலாயில் விண்ணப்பக் கடிதம் எழுதிய அனுபவம் உள்ளவர்கள், அதன் மாதிரியைத் தயவுசெய்து பகிருங்கள்.