புலமைப்பரிசில் மாதிரிப் பரீட்சைகள்: எத்தனை எழுதினால் போதும்?

கேள்வி (களுவாஞ்சிகுடி, தாய்)

எனது மகள் இவ்வாண்டு தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றவிருக்கிறாள். மட்டக்களப்பு வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலையில் தரம் 6இற்குச் சேர வேண்டும் என்பது அவளுடைய விருப்பமும் எங்களுடைய விருப்பமும் ஆகும். தை மாதத்திலிருந்து தனியார் வகுப்பில் வாரம் ஒரு மாதிரிப் பரீட்சை எழுதி வருகிறாள். இறுதியாக 200இற்குப் பெற்ற புள்ளிகள் 142, 128, 151, 133. புள்ளி குறைந்த நாட்களில் அவளது தந்தை இன்னும் இரண்டு வினாத்தாள்களை வாங்கி வந்துவிடுகிறார். பரீட்சை ஞாயிறு காலையில் நடப்பதால் அறநெறி வகுப்பும் நின்றுவிட்டது; சனி இரவுகளில் பிள்ளை நகம் கடித்துக்கொண்டு தூங்காமல் இருக்கிறாள். கூடுதலாக எழுதினால் புள்ளி கூடும் என்பது உண்மைதானா? அனுபவமுள்ளவர்கள் கூறுங்கள்.

பதில் (ஆரையம்பதி, ஓய்வுபெற்ற ஆரம்பப்பிரிவு ஆசிரியை)

தங்கச்சி, அந்த நான்கு எண்களையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்ப்பதே முதற்பிழை. நான்கும் வெவ்வேறு ஆட்கள் தயாரித்த வினாத்தாள்கள். ஒன்று கடினமாகவும் மற்றொன்று எளிதாகவும் இருந்திருக்கும். தெரிவாவதற்குத் தேவையான ஆகக்குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளியோ பரீட்சை முடிந்த பின்னர், மாவட்டத்திற்கும் மொழிமூலத்திற்கும் ஏற்பத் தீர்மானிக்கப்படுவது. ஆகையால் வகுப்பில் எடுத்த 128ஐ அதனுடன் ஒப்பிட்டுக் கலங்குவதில் பொருளில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அண்மைய ஆண்டுகளில் இரண்டாம் வினாத்தாளே முதலில் வழங்கப்படுகிறது: 60 வினாக்கள், ஒரு மணி 15 நிமிடம். அரைமணி நேர இடைவேளைக்குப் பின்னர் முதலாம் வினாத்தாள்: 40 வினாக்கள், ஒரு மணி நேரம். மொழி, கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், சிங்களம் என்று எல்லாவற்றையும் எழுதிக் களைத்த பின்னர்தான் நுண்ணறிவு வினாக்களுக்குப் பிள்ளை வருகிறாள். அங்கே ஒரு வினாவுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். பல வகுப்புகளில் இவ்விரண்டையும் வெவ்வேறு நாட்களில் எழுதுவிக்கிறார்கள். அப்படி எழுதுவது பயிற்சியாகும், பரீட்சைக்கான ஒத்திகையாகாது.

திருத்திய தாள்களை எடுத்து, பிழையான ஒவ்வொரு வினாவுக்கும் “இந்த விடையை ஏன் தெரிவுசெய்தாய்?” என்று கோபமின்றிக் கேட்டுப் பாருங்கள். தெரியாமல் விட்டதா, வினாவைச் சரியாக வாசிக்காமல் விட்டதா, நேரம் போதாமல் விட்டதா என்பது ஒரு மாலைப் பொழுதிலேயே தெரிந்துவிடும். அது தெரியாமல் புதிய தாளைக் கொடுப்பது, காய்ச்சல் ஏன் வந்தது என்று பாராமல் வெப்பமானியை மட்டும் மாற்றி மாற்றி வைப்பதைப் போன்றது.

பதில் (அக்கரைப்பற்று, தந்தை)

அஸ்ஸலாமு அலைக்கும். ஆசிரியை கூறியதை நான் பட்டுத்தான் அறிந்தேன். மூத்த மகனுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட தாள்களை எழுதுவித்தேன். தாள் தயாரிப்பவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வினாக்களை எடுப்பதால், இறுதி மாதங்களில் அவன் வினாவை வாசிக்காமலேயே விடையைக் குறித்தான். நானும் 170, 175 என்று மகிழ்ந்தேன். உண்மைப் பரீட்சையில், பழகிய உருக்களைக் கண்டதும் பொருந்துவதைத் தெரிவுசெய்துவிட்டு வந்தான், கேட்டிருந்ததோ பொருந்தாததை. போட்டோப் பிரதி எடுத்த தாள்களில் உருக்கள் கறுத்து, கோடுகள் மறைந்து போயிருந்ததும் உண்டு. அதற்கும் பிள்ளையைத்தான் ஏசினோம்.

இளையவனுக்குக் கடந்தகால வினாத்தாள்களை மட்டும் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, காலை ஒன்பதரைக்கு, இரண்டையும் சேர்த்தே கொடுத்தேன். மத்ரஸாவை நிறுத்தவில்லை. அவன் வெட்டுப்புள்ளியைத் தாண்டினான் என்றாலும், அது இந்த முறையால்தான் என்று சொல்ல மாட்டேன்; இருவரும் வேறு வேறு இயல்புடைய பிள்ளைகள். வீட்டில் சத்தம் குறைந்தது என்பதை மட்டும் உறுதியாகக் கூறுவேன்.

பதில் (மண்டூர், தாய்)

இங்கே எழுதியவர்கள் வினாத்தாள்கள் மலிந்த இடத்தில் இருப்பவர்கள் என்று எண்ணுகிறேன். எங்கள் பக்கத்தில் பணம் கட்டி வாராவாரம் எழுதுவிக்க எல்லாராலும் முடியாது. எனது மகன் வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவைப் படகில்) ஏறி குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து போய் எழுதிய ஒரேயொரு முன்னோடிப் பரீட்சையில்தான், தெரியாத மண்டபத்தில், தெரியாத ஆசிரியருக்கு முன்னால் சுட்டெண்ணை (தனது பரீட்சை இலக்கத்தை) எழுதப் பழகினான். முதல் கால்மணி நேரம் கை நடுங்கியதாம். அந்த நடுக்கம் உண்மைப் பரீட்சையன்று வரவில்லை. வறிய பிள்ளைக்கு உதவிப்பணம் கிடைப்பதும் இதே பரீட்சையால்தான். ஆகவே மாதிரிப் பரீட்சையே வேண்டாம் என்று யாரும் முடிவுசெய்துவிட வேண்டாம். ஒன்றுமே எழுதாதவனுக்கு இரண்டு தாள்கள் செய்யும் நன்மையை, நாற்பது எழுதியவளுக்கு இன்னும் இருபது செய்யாது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஆசிரியை அக்கா கூறியபடி பழைய தாள்களை எடுத்துப் பார்த்தோம். 128 பெற்ற நாளில் முதலாம் வினாத்தாளில் 31ஆவது வினாவுக்குப் பின்னர் ஒன்றுமே குறிக்கப்பட்டிருக்கவில்லை. கேட்டபோது, 14ஆவது வினாவில் விடை வரும்வரை விடாமல் இருந்தேன் என்றாள். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று அவளுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை, நானும்தான் சொல்லவில்லை. இனி இரண்டு வாரத்திற்கு ஒரு தாள் என்று தந்தையும் ஒத்துக்கொண்டார். வகுப்பு ஆசிரியருக்கு இதில் உடன்பாடில்லை. அவரிடம் நாளை பேச வேண்டும். இந்த ஞாயிறு மகள் அறநெறி வகுப்புக்குச் செல்கிறாள்.