காய்ச்சிய பால் நுரைக்காதாம்! யார் கிளப்பிவிட்ட கதை இது?

டபரா_டம்ளர்:
நேற்று ஈரோட்டுக்காரி தன் வீட்டு காபி மிஷினில் பால் சூடாகிறதே தவிர நுரை வரவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். நம் நீராவி ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார்: "காய்ச்சிய பாலில் நுரை வராது, பாக்கெட்டை வெட்டி அப்படியே ஊற்றுங்கள்." அதற்கு எட்டு லைக் வேறு. ஐயா, காய்ச்சிய பாலில் நுரை வராது என்றால் எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக டபராவில் ஆற்றிக் குடிக்கும் காபியின் தலையில் விரற்கடை உயரத்துக்கு நிற்பது என்ன, சோப்பு நுரையா? கும்பகோணத்தில் ஏதாவது ஒரு காபிக் கடையில் போய், பச்சைப் பாலில் காபி போடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், டம்ளரை எடுத்துக்கொண்டு துரத்துவார்கள். மிஷின் வாங்கி ஆறு மாதம் ஆனவர்கள் எல்லாம் பாலுக்கு இலக்கணம் எழுதக் கிளம்பினால் இப்படித்தான் ஆகும்.

நீராவி:
ஆறு மாதம் இல்லை, நான்கு வருடம். அந்தம்மா கேட்டது மிஷினைப் பற்றி, டபராவைப் பற்றி இல்லை. ஸ்டீம் குழாயில் நுரை எடுக்க, பால் ஃப்ரிட்ஜிலிருந்து நாலைந்து டிகிரியில் வர வேண்டும். ஜக்கில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் ஊற்றி, குழாய் நுனியைப் பால் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பிடித்தால் காகிதம் கிழிகிற மாதிரி சத்தம் வரும். அப்போதுதான் காற்று உள்ளே போகிறது. ஜக் கைச்சூட்டுக்கு வரும்வரை, 37 டிகிரி என்று வையுங்கள், அது நடக்க வேண்டும். அப்புறம் குழாயைக் கொஞ்சம் இறக்கிப் பாலைச் சுழலவிட்டு 60, 65ல் நிறுத்த வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பால் ஏற்கெனவே 80ல் நிற்கிறது, அதில் எப்போது காற்றைச் செலுத்துவது? நுரையைப் பிடித்து நிறுத்துவதே புரதம்தான், அதில் மோர்ப்புரதம், அதாவது பால் திரிந்தால் பிரியும் தெளிநீரில் இருக்கும் புரதம், 70ஐத் தாண்டினால் உருக்குலைய ஆரம்பித்துவிடும். காய்ச்சிய பாலில் நுரை வராது. இன்னொரு தடவையும் சொல்கிறேன், வராது.

டபரா_டம்ளர்:
அப்படி வாருங்கள் வழிக்கு. நேற்று "காய்ச்சிய பால்", இன்று "அடுப்பிலிருந்து இறக்கிய பால்". காய்ச்சி, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்த பால் எந்தக் கணக்கில் வரும்? அதுவும் நாலு டிகிரிதானே? புரதம் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறீர்களே, டெட்ரா பேக் பாலை 135 டிகிரிக்கு மேல் சூடாக்கித்தான் அடைக்கிறார்கள். அந்தப் பாலில் உலகம் முழுக்கக் கடைகளில் நுரை எடுக்கிறார்களே, அதற்கு மட்டும் உங்கள் மோர்ப்புரதம் விதிவிலக்குக் கொடுத்திருக்கிறதா?

நீராவி:
அது சில நொடிதான். உங்கள் வீட்டில் மூன்று பொங்கு பொங்கவிட்டு, சிம்மில் கால் மணி நேரம் வைத்து, மேலே ஆடையைப் படையல் மாதிரி சேர்த்து வைக்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

டபரா_டம்ளர்:
உங்கள் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. என் வீட்டு சிம் எத்தனை நிமிடம் என்பது உங்களுக்கு எதற்கு? கேள்வி ஒன்றுதான்: காய்ச்சிய பால் நுரைக்குமா, நுரைக்காதா?

லாட்டே_தம்பி:
அண்ணன்களே, ஒரு சின்ன சந்தேகம். நுரை என்று இரண்டு பேரும் சொல்வது ஒன்றையேவா? ஆற்றும்போது வருவது பெரிய பெரிய குமிழி, கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்துவிடும். மிஷினில் லாட்டேக்கு எடுப்பது குமிழியே கண்ணுக்குத் தெரியாமல், புதுப் பெயிண்ட் மாதிரி பளபளக்கும் பால். அப்புறம் "பச்சைப் பால்" என்று சொல்வதும் குழப்பம். பாக்கெட் பால் 72 டிகிரியில் 15 நொடி பாஸ்டரைஸ் ஆகித்தான் வருகிறது, அது பச்சைப் பாலே இல்லை. முதலில் இதைத் தீர்த்துக்கொண்டால்...

டபரா_டம்ளர்:
தம்பி, நுரை என்றால் நுரை. நடுவில் வராதீர்கள்.

நீராவி:
இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு ஒத்துப்போகிறேன்.

ஈரோட்டுக்காரி:
கேட்டவள் நான், என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஆரஞ்சு பாக்கெட் பால்தான் வாங்குகிறோம். மாமியார் காய்ச்சாத பாலை உள்ளே விடவே மாட்டார், அதனால் காலையில் காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்த பாலைத்தான் மாலையில் ஊற்றுகிறேன். முதல் மூன்று மாதம் இதே பாலில் நன்றாக நுரை வந்தது. இப்போது குழாயை விட்டால் கொர்ர் என்று சத்தம் மட்டும் வருகிறது, பால் கொதிக்கிற அளவுக்குச் சூடாகிறது, குடித்தால் கொஞ்சம் தண்ணீர் கலந்த மாதிரி இருக்கிறது. மிஷின் பெட்டியில் அழுத்தம் 15 பார் என்று போட்டிருக்கிறது.

நீராவி:
பார்த்தீர்களா, காய்ச்சிய பால். அதிலும் ஆரஞ்சு, 6 சதவீதக் கொழுப்பு. நீலம் வாங்குங்கள், 3 சதவீதம்தான், நுரை லேசாகவும் நிறையவும் வரும். ஆடையையாவது எடுக்கிறீர்களா?

டபரா_டம்ளர்:
இப்போது குற்றவாளி கொழுப்பா? நேற்று காய்ச்சியது, காலையில் புரதம், மத்தியானம் கொழுப்பு, ராத்திரிக்குள் மாட்டின் மேலேயே பழி போட்டுவிடுவீர்கள். அந்தம்மா தெளிவாக எழுதியிருக்கிறார், முதல் மூன்று மாதம் இதே காய்ச்சிய பாலில் நுரை வந்தது என்று. வழக்கு முடிந்துவிட்டது, நீராவி அவர்கள் ஒரு வரி வருத்தம் தெரிவித்தால் போதும்.

நீராவி:
மூன்று மாதம் வந்தது என்றால், அப்போது வந்ததும் சரியான நுரையாக இருந்திருக்காது.

கோவை_20பார்:
15 பார் எல்லாம் பழைய மாடல் அக்கா. எங்கள் வீட்டில் 20 பார். நுரை பிய்த்துக்கொண்டு வருகிறது.

பழைய_மெக்கானிக்:
20 பார் என்பது பம்ப் தள்ளக்கூடிய அதிகபட்ச அழுத்தம் தம்பி, காபித் தூளுக்குள் தண்ணீர் போவதற்கு. அதற்கே 9 பார் போதும். பாய்லர் வைத்த மிஷினில் பாலுக்கு வரும் நீராவி ஒன்று, ஒன்றரை பார்தான். பெட்டியில் அச்சடித்த எண்ணுக்கும் நுரைக்கும் சம்பந்தம் இல்லை.

கோவை_20பார்:
அப்படியென்றால் 20 பார் என்று ஏன் போடுகிறார்கள்? சும்மாவா? காசு கொடுத்து வாங்கியவனுக்குத்தான் தெரியும்.

பழைய_மெக்கானிக்:
சரி, உங்கள் மிஷின் உங்களுக்கு. ஈரோட்டுக்காரி அம்மா, உங்கள் ஸ்டீம் குழாயின் மேல் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு உறை செருகியிருக்கிறதா பாருங்கள். அதன் மேல்பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். நீராவி உள்ளே ஓடும்போது அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும், நுரையே அதனால்தான் வருகிறது. பால் காய்ந்து அது அடைத்துக்கொண்டால் பால் சூடாகும், நுரை வராது. நீங்கள் சொல்வது அப்படியே அதுதான். உறையைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் குத்திவிடுங்கள். ஜக்கில் பிடிக்கும்போது அந்த ஓட்டை பாலுக்குள் முங்கவும் கூடாது. தண்ணீர் கலந்த மாதிரி இருப்பதற்குக் காரணம் வேறு: ஸ்டீம் விளக்கு நிலையாக எரியும்வரை காத்திருந்து, முதலில் வரும் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்துக் கொட்டிவிட்டு, வெறும் ஆவி வந்த பிறகு பாலில் வையுங்கள். முடிந்தவுடன் ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி ஆவியைத் திறந்துவிடுங்கள். போர் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால் உப்பும் படிந்திருக்கும், சிட்ரிக் ஆசிட் கரைத்து ஒரு தடவை ஓட்ட வேண்டும்.

டபரா_டம்ளர்:
மெக்கானிக் சார், நல்ல விளக்கம், நன்றி. ஆனால் மையக் கேள்விக்கு நீங்களும் பதில் சொல்லாமல் நழுவிவிட்டீர்கள். காய்ச்சிய பால் நுரைக்குமா, நுரைக்காதா?

பழைய_மெக்கானிக்:
நான் மிஷின் பழுது பார்ப்பவன்.

சும்மா_பார்ப்பவன்:
சிட்ரிக் ஆசிட் எதற்கு, வினிகர் ஊற்றினால் போதாதா?

பழைய_மெக்கானிக்:
ஊற்றலாம், நாற்றம் ஒரு வாரம் போகாது.

டபரா_டம்ளர்:
வினிகரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீராவி அவர்களின் பழக்கம் இங்கே பழையவர்களுக்குத் தெரியும். போன வருடம் உளுந்தை எத்தனை மணி நேரம் ஊறவைப்பது என்ற விவாதத்திலும் இதே மாதிரிதான், முதலில் ஒன்று சொன்னார், மடக்கியதும் "நான் சொன்னது கருப்பு உளுந்தை" என்றார். இன்று மாலை நானே சோதனை செய்யப்போகிறேன். மகன் வாங்கிக் கொடுத்த மிஷின் எங்கள் வீட்டிலும் இருக்கிறது, அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நீராவி:
அலமாரியில் வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நேரம் எனக்குப் பாடம் எடுத்தீர்களா? உளுந்து விஷயத்தில் நான் சொன்னது சரிதான் என்று அன்றைக்கே மூன்று பேர் எழுதினார்கள்.

டபரா_டம்ளர்:
சோதனை முடிந்தது. ஒரே பாக்கெட், பாதியைக் காய்ச்சி, ஆறவைத்து, இரண்டு பாதியையும் ஃப்ரிட்ஜில் ஒரே தட்டில் மூன்று மணி நேரம் வைத்தேன். காய்ச்சியதை வடிகட்டி ஆடையை எடுத்தேன். ஜக்கில் 150 மில்லி அளந்து ஊற்றி, ஒவ்வொன்றையும் ஜக்கைப் பிடித்திருக்க முடியாமல் கை சுடும்வரை ஆவி விட்டேன். இரண்டும் கண்ணாடி டம்ளரில் கிட்டத்தட்ட ஒரே உயரம். காய்ச்சியது கொஞ்சம் தித்திப்பாகவும் இருந்தது, வீட்டம்மாவும் அதையே சொன்னாள். படம் போட்டிருக்கிறேன். இனி யாராவது காய்ச்சிய பால் நுரைக்காது என்று சொன்னால் முதலில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

நீராவி:
வடிகட்டினீர்களா? அப்படியென்றால் அது காய்ச்சிய பால் இல்லை, வடிகட்டிய பால். படமும் மங்கல். இடது டம்ளர் விளிம்பில் இருப்பது குமிழி, நுரை இல்லை. கை சுடும்வரை என்பதெல்லாம் ஒரு அளவா? தெர்மாமீட்டர் என்று ஒரு பொருள் இருக்கிறது.

டபரா_டம்ளர்:
எங்கள் பாட்டி தெர்மாமீட்டர் வைத்துத்தான் பால் காய்ச்சினாளா?

நீராவி:
உங்கள் பாட்டி கப்புச்சினோவும் போடவில்லை.

டபரா_டம்ளர்:
பாட்டியை இழுக்காதீர்கள்.

லாட்டே_தம்பி:
பாட்டியை இழுத்தது நீங்கள்தான் அண்ணா.

நெறியாளர்:
பாட்டிகளை விட்டுவிட்டுப் பாலைப் பற்றிப் பேசுங்கள்.

ஈரோட்டுக்காரி:
மெக்கானிக் அண்ணா, உறையைக் கழற்றினேன். ஓட்டை இருக்கும் இடமே தெரியவில்லை, மஞ்சளாகப் பிசின் மாதிரி மூடியிருந்தது. அரை மணி நேரம் வெந்நீரில் போட்டு, தையல் ஊசியால் குத்தினேன், அரிசி நொய் மாதிரி ஒரு கட்டி வெளியே வந்தது, ஒரே புளித்த வாடை. மாட்டிவிட்டு இரண்டு கரண்டி தண்ணீரைக் கொட்டிய பிறகு பாலில் வைத்தேன். ஜக் நிரம்ப நுரை! மாமியாரே இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார்.

டபரா_டம்ளர்:
அவ்வளவுதான். காய்ச்சிய பால், ஆரஞ்சு பாக்கெட், ஜக் நிரம்ப நுரை. நீராவி எங்கே?

நீராவி:
இங்கேதான் இருக்கிறேன். அந்த ஓட்டையை அடைத்தது எது? காய்ச்சிய பாலின் ஆடை. நான் முதல் நாளே என்ன சொன்னேன்?

டபரா_டம்ளர்:
பாக்கெட்டை வெட்டி ஊற்றினால் குழாயில் பால் காயாதா? அது என்ன தாமரை இலையா, ஒட்டாமல் இருக்க?

நீராவி:
துடைத்தால் காயாது.

டபரா_டம்ளர்:
துடைத்தால் காய்ச்சிய பாலும்தான் காயாது!

கோவை_20பார்:
20 பாரில் அடைப்பே வராது.

ஈரோட்டுக்காரி:
இன்னொரு சந்தேகம். இப்போது நுரை நன்றாக வருகிறது, ஆனால் நிறுத்திய பிறகும் குழாய் நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. வாஷர் போய்விட்டதா?

டபரா_டம்ளர்:
அதை அப்புறம் பார்க்கலாம் அம்மா. இன்று நீங்கள் ஊற்றியது காய்ச்சிய பால்தானே, அதை மட்டும் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போங்கள்.