பெரிய வீட்டுக் குழுவில் பேக்கர்ஸ் கணக்கு

2022 ஜனவரி 23, ஞாயிறு

அம்மா: எல்லோருக்கும் காலை வணக்கம். செந்தில் ஏன் பேச்சுமூச்சில்லாமல் இருக்கிறான்? ஆப்பிள்டனில் பனி அதிகமா?

கவிதா: பனியும் கொட்டுகிறது சித்தி. ஆனால் காரணம் அதுவல்ல. அண்ணாவின் அமெரிக்கக் கால்பந்து அணி, கிரீன் பே பேக்கர்ஸ், நேற்று பிளேஆஃப் நாக்அவுட் சுற்றில் சான் பிரான்சிஸ்கோவிடம் தோற்றுவிட்டது. அண்ணா துக்கம் காக்கிறார்.

செந்தில்: 13-10. கடைசி நொடியில் ஃபீல்ட் கோல், கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுத்துவிட்டார்கள். நான் தூங்கப் போகிறேன்.

பெரியப்பா: இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று போன வாரம் நீதானே பக்கம் பக்கமாக எழுதினாய்?

செந்தில்: எழுதினேன் பெரியப்பா, எழுதும்படிதான் இருந்தது. 17 ஆட்டங்களில் 13 வெற்றி. 450 புள்ளிகள் எடுத்தோம், 371 கொடுத்தோம். பந்தை எறியும் ஆரோன் ராட்ஜர்ஸ் எறிந்தது 4,115 யார்டு, பந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிய டச்டவுன் 37. எதிரணி இடைமறித்தது நான்கே நான்கு. டவான்டே ஆடம்ஸ் 123 பந்துகளைப் பிடித்து 1,553 யார்டு எடுத்தார். பந்தைச் சுமந்து ஓடுவதில் டில்லன் 803, ஜோன்ஸ் 799. இதில் எந்த வரியில் குறை கண்டுபிடிப்பீர்கள்?

பெரியப்பா: இந்த வரிகளில் இல்லை. நீ அனுப்பாத வரிகளில் இருக்கும். வாழ்நாளெல்லாம் தணிக்கை பார்த்தவனிடம் வரவுப் பக்கத்தை மட்டும் நீட்டினால் எப்படி? மறுபக்கத்தையும் காட்டு.

கவிதா: மறுபக்கத்தை நான் காட்டுகிறேன் அப்பா. எங்கள் மின்னசோட்டா வைக்கிங்ஸ் இந்த வருஷம் பிளேஆஃப்புக்கே போகவில்லை, அதனால் நேற்று நிம்மதியாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் பாதி முடியும் நேரத்தில் பேக்கர்ஸ் அடித்த ஃபீல்ட் கோலை சான் பிரான்சிஸ்கோ தடுத்துவிட்டது. இரண்டாம் பாதியைத் தொடங்கிவைத்த கிக்ஆஃப் உதையைப் பிடித்து அவர்களுடைய டீபோ சாமுவேல் 45 யார்டு திருப்பி ஓடிவந்தார். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம்கூட இல்லாதபோது முன்னேற முடியாமல் பேக்கர்ஸ் பந்தை எதிர்ப்பக்கம் உதைத்துவிட்ட பண்ட் உதையையும் தடுத்து, உருண்ட பந்தை எடுத்துக்கொண்டுபோய் டச்டவுன் போட்டார்கள். கடைசி ஃபீல்ட் கோலைத் தடுக்கக் களத்தில் 11 பேர் நிற்க வேண்டும். அண்ணாவின் அணி நிறுத்தியது 10 பேர்.

பெரியப்பா: பத்துப் பேரா? எண்ணிப் பார்க்க ஆளில்லையா?

செந்தில்: கேட்காதீர்கள். எதிரணியின் தாக்குதல் வரிசை ஆட்டம் முழுக்க ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. நாங்கள் தோற்றது முழுக்க உதைக்கும் பந்தில்தான். இதற்கென்றே 'ஸ்பெஷல் டீம்ஸ்' என்று தனிக்குழு உண்டு. 32 அணிகளின் தரவரிசையில் எங்கள் குழுவுக்கு 32-ஆவது இடம்.

அம்மா: முகிலன் சாப்பிட்டானா? அழுதானா?

முகிலன்: சாப்பிட்டேன் பாட்டி. அழவில்லை. அப்பாதான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு கராஜில் போய் நின்றுகொண்டிருந்தார்.

பெரியப்பா: முகிலா, நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். 'கிக் ரிட்டர்ன் சராசரி' என்று ஒரு வரி. அதில் உங்கள் அணி அடிமட்டத்தில் கிடக்கிறது. 20 யார்டுகூட இல்லை. அது என்ன கணக்கு?

முகிலன்: ஓர் அணி புள்ளி எடுத்ததும், தன் 35 யார்டு கோட்டிலிருந்து பந்தை எதிரணிக்கு உதைக்க வேண்டும் பெரிய தாத்தா, அதுதான் கிக்ஆஃப். அந்தக் கோடியில் ஒருவர் நின்று பிடித்து, முன்னால் ஓடிவருவார். எங்கே விழுகிறாரோ அங்கிருந்து அவருடைய அணி ஆட்டத்தைத் தொடங்கும். பந்து கோல் கோட்டைத் தாண்டி எண்ட் ஸோனுக்குள் போய், அவர் ஓடாமல் முழங்காலிட்டால் அதற்குப் பெயர் டச்பேக். இந்த சீசன் விதிப்படி உழைக்காமலே 25 யார்டு கோடு கிடைக்கும்.

பெரியப்பா: சரி. கோல் கோட்டருகே பிடித்து ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள். சராசரி 20-க்குக் கீழே என்றால் 20-ஆவது கோட்டை எட்டுவதற்குள் விழுகிறார்கள். முழங்காலிட்டால் 25. பிறகு எதற்கு ஓடுகிறார்கள்?

கவிதா: அப்பா ஒரே கேள்வியில் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

செந்தில்: எப்போதும் முழங்காலிட முடியாது பெரியப்பா. நன்றாக உதைக்கத் தெரிந்தவன் வேண்டுமென்றே உயரமாக, கோல் கோட்டுக்கு இரண்டு மூன்று யார்டு முன்னாலேயே விழும்படி உதைப்பான். பந்து களத்துக்குள் இருப்பதால் டச்பேக் கிடையாது, ஓடித்தான் ஆக வேண்டும். அது வானத்தில் இருக்கும் நேரத்தில் பத்துப் பேர் பாய்ந்து வந்துவிடுவார்கள். திருப்பி ஓடத் தெரியாத அணி என்று பெயர் வாங்கிவிட்டால், எல்லோரும் அப்படி உதைத்துப் பார்க்கத்தான் செய்வார்கள்.

பெரியப்பா: ஓர் ஆட்டத்தில் ஐந்தாறு யார்டு குறைந்தால் என்ன? 4,115 யார்டு எறிகிற ஆளுக்கு அது பெரிய விஷயமா?

செந்தில்: நேற்று மாதிரிப் பனியில், இரண்டு பக்கமும் நகர முடியாத ஆட்டத்தில் பெரிய விஷயம்தான். 18-இல் தொடங்கி மூன்று முறை முட்டிப் பார்த்து நின்றுபோனால், பண்ட் உதைக்க வேண்டியவர் தன் எண்ட் ஸோன் ஓரத்தில் நிற்பார். அங்கே தடுக்கப்பட்டால் எதிரணிக்கு நேராக டச்டவுன். நேற்று நடந்தது அதுதான்.

பெரியப்பா: புரிகிறது. பெரிய வரவு பளபளக்கும்போது சில்லறைச் செலவை யாரும் பார்ப்பதில்லை. கடை மூழ்கிய பிறகுதான் அந்த நோட்டைப் பிரிப்பார்கள்.

கவிதா: ஓடுவதற்கு நல்ல ஆளே இல்லையா அண்ணா?

செந்தில்: கைலின் ஹில் என்று ஒரு புது ஆள் இருந்தார். அக்டோபர் 28, அரிசோனாவில் ஆட்டம். பந்தைப் பிடித்து ஓடிவந்தவர் எதிரணிக்காரர் ஒருவர் மீது மோதிக்கொண்டார். முழங்கால் போனது, அத்தோடு சீசன் முடிந்தது. பிறகு இவர் அவர் என்று மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். 53 பேர் கொண்ட அணியில் நட்சத்திரங்களை இந்த வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். சம்பள உச்சவரம்பில் பெரும்பங்கை மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொண்டால், கடைசி பத்துப் பதினைந்து இடங்களுக்குக் குறைந்த சம்பளத்தில் புது ஆட்கள்தான் வருவார்கள். கிக் ரிட்டர்ன் அவர்கள் தோளில்தான்.

பெரியப்பா: சராசரியை மட்டும் நம்பாதே. ஒரே ஒரு நீண்ட ஓட்டம் இருந்தால் அது ஏறிவிடும்.

செந்தில்: அந்த ஒன்றுக்குத்தான் பத்து சீசனாகக் காத்திருக்கிறோம். கிக்ஆஃபைத் திருப்பி ஓடி எங்கள் அணி டச்டவுன் எடுத்தது கடைசியாக 2011 செப்டம்பரில். ராண்டல் காப், நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக, 108 யார்டு. இத்தனைக்கும் இந்த அணி 1997 ஜனவரியில் சூப்பர் பௌல் இறுதிப்போட்டியை வென்றதே கிக் ரிட்டர்னால்தான். டெஸ்மண்ட் ஹோவர்ட் 99 யார்டு ஓடி ஆட்ட நாயகன் விருது வாங்கினார். தாக்குதலும் தற்காப்பும் அல்லாமல் உதைக்குழு ஆட்டத்துக்காக அந்த விருதை வாங்கிய முதல் ஆள் அவர்.

அம்மா: போதும், போய்த் தூங்கு. காலையில் கஞ்சி குடி, தொண்டை கட்டியிருக்கும்.

2022 பிப்ரவரி

செந்தில்: உதைக்குழுவுக்குப் புதுப் பயிற்சியாளர் வந்துவிட்டார். ரிச் பிசாக்கியா. லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் சீசன் நடுவில் விலகியபோது, இடைக்காலமாகப் பொறுப்பேற்று அந்த அணியைப் பிளேஆஃப் வரை கொண்டுபோனவர்.

கவிதா: அவர் வந்து பந்தைப் பிடிக்கப் போகிறாரா?

பெரியப்பா: முதலில் பதினொன்று வரை எண்ணக் கற்றுக்கொடுக்கட்டும்.

முகிலன்: பெரிய தாத்தா, அப்பா பேக்கர்ஸ் பங்கு வாங்கியிருக்கிறார். சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியாகிவிட்டது.

பெரியப்பா: பங்கா? என்ன விலை? ஈவுத்தொகை எவ்வளவு?

செந்தில்: 300 டாலர். ஈவுத்தொகை கிடையாது.

பெரியப்பா: விலை ஏறினால் விற்கலாம்?

செந்தில்: விற்கவும் முடியாது. அணிக்குத் தனி முதலாளி இல்லை பெரியப்பா, ஊர்மக்கள்தான் உரிமையாளர்கள். எப்போதாவதுதான் பங்கு விற்பார்கள். இந்த முறை கிடைத்தது.

அம்மா: இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு காகிதமா? உன் அப்பா இருந்திருந்தால் தெரியும்.

பெரியப்பா: விட்டுவிடு ராஜம். அவன் இனிமேல் முதலாளி. தோற்றால் வெளியிலிருந்து திட்டவும் முடியாது.

2022 மார்ச் 18, வெள்ளி

கவிதா: அண்ணா, 123 பந்து பிடித்த ஆடம்ஸை ரெய்டர்ஸுக்கே கொடுத்துவிட்டார்களாமே!

செந்தில்: புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு டிராஃப்ட் வாய்ப்புகளுக்குப் பதிலாக. இன்று யாரும் என்னோடு பேச வேண்டாம்.

முகிலன்: அங்கிருந்து நமக்கும் ஒருவர் வருகிறார். கீஷான் நிக்ஸன். தற்காப்பு வரிசை ஆள், ஒரு வருட ஒப்பந்தம். பிசாக்கியாவிடம் ஏற்கெனவே ஆடியவர்.

கவிதா: யார் அது?

செந்தில்: யாரோ.

2022 நவம்பர் 16, புதன்

முகிலன்: அமாரி ராட்ஜர்ஸை நீக்கிவிட்டார்கள்.

அம்மா: ஐயோ, அந்த 4,115 ஆளையா?

முகிலன்: இல்லை பாட்டி, அவர் ஆரோன். இவர் வேறு. போன வருஷம் மூன்றாம் சுற்றில் எடுத்த பையன். உதைத்த பந்துகளைப் பிடிப்பதே அவருடைய முக்கிய வேலை, இந்த சீசனில் ஐந்து முறை நழுவவிட்டார். ஞாயிற்றுக்கிழமை டாலஸோடு ஆடும்போதும் ஒன்று.

செந்தில்: பாவம்தான். ஒவ்வொரு முறையும் பந்து மேலே போகும்போது அவர் முகத்தை நெருக்கத்தில் காட்டினார்கள். கழுத்தை அண்ணாந்து, பந்தைப் பார்க்காமல் ஓடிவரும் ஆட்களை ஓரக்கண்ணால் பார்ப்பார். கை இரண்டும் மார்போடு ஒட்டிவிடும். அந்த நிலையில் யாருக்கும் பந்து நிற்காது.

பெரியப்பா: அடுத்து யார் நிற்கிறார்?

முகிலன்: நிக்ஸன்.

2022 டிசம்பர் 26, திங்கள்

முகிலன்: பெரிய தாத்தா! மியாமியில் நிக்ஸன் 93 யார்டு ஓடினார்! வெற்றி 26-20!

பெரியப்பா: 93 என்றால் டச்டவுன்தானே?

செந்தில்: கோட்டுக்குச் சற்று முன்னால் பிடித்துவிட்டார்கள். ஆனால் இந்த ஆள் வேறு வகை. தயங்கி நின்று வழி பார்ப்பதே இல்லை. பிடித்த முதல் அடியிலிருந்தே முழு வேகம், தடுப்பவர்களுக்கு நடுவில் இருக்கிற ஒரே இடுக்கில் நேராக நுழைகிறார்.

2023 ஜனவரி 2, திங்கள்

கவிதா: யாரும் எதுவும் எழுத வேண்டாம். பார்த்துவிட்டேன்.

செந்தில்: புத்தாண்டு நல்வாழ்த்துகள் கவிதா. 41-17.

பெரியப்பா: இரண்டு வீடும் மோதிக்கொண்டதா? யாராவது விவரம் சொல்லுங்கள்.

முகிலன்: ஆரம்பத்திலேயே பேக்கர்ஸ் உதைத்த பண்டை வைக்கிங்ஸ் தடுத்துவிட்டது பெரிய தாத்தா. போன வருஷக் கதைதான் என்று அப்பா எழுந்தேவிட்டார். கோல் கோட்டின் வாசலில் பந்து கிடைத்தும் அவர்களால் ஃபீல்ட் கோல் மட்டுமே எடுக்க முடிந்தது, 3-0. அதற்கடுத்த கிக்ஆஃபை நிக்ஸன் எண்ட் ஸோனுக்குள் ஐந்து யார்டு ஆழத்தில் பிடித்தார். முழங்காலிட்டிருந்தால் 25. அவர் ஓடிவந்தார். 105 யார்டு, டச்டவுன்.

செந்தில்: ராண்டல் காப்புக்குப் பிறகு முதல் கிக்ஆஃப் டச்டவுன். மைதானமே குலுங்கியது.

பெரியப்பா: என் கணக்குப்படி அவர் முழங்காலிட்டிருக்க வேண்டும்.

கவிதா: நானும் அதைத்தான் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினேன் அப்பா.

பெரியப்பா: அந்தக் கணக்கு 20-க்குக் கீழே ஓடுகிறவனுக்கு. இவருக்குச் சராசரி என்ன?

முகிலன்: 30 யார்டுக்குப் பக்கத்தில்!

பெரியப்பா: எண்ட் ஸோனுக்குள்ளிருந்து 30 ஓடினால் மறுபடி 25-தான். ஆக, ஒன்றுக்கொன்று சரி. நூறில் ஒன்று இப்படி விழும் என்ற நம்பிக்கையில் ஓடவிடுகிறார்கள். துணிச்சலான பயிற்சியாளர்.

2023 ஜனவரி 9, திங்கள்

கவிதா: அண்ணா?

அம்மா: செந்தில்?

முகிலன்: அப்பா கராஜில் இருக்கிறார். டெட்ராய்ட் 20, நாங்கள் 16. ஜெயித்திருந்தால் பிளேஆஃப். 8 வெற்றி, 9 தோல்வியோடு முடிந்துவிட்டது.

பெரியப்பா: கிக் ரிட்டர்ன் அட்டவணையை அனுப்பு.

முகிலன்: நிக்ஸன் 35 முறை ஓடியிருக்கிறார். 1,009 யார்டு, சராசரி 28.8. மொத்த யார்டில் லீக்கிலேயே முதலிடம்.

பெரியப்பா: கடைசி இடத்தில் இருந்தபோது 13 வெற்றி. முதலிடத்துக்கு வந்தபோது 8.

செந்தில்: ஆடம்ஸ் இல்லை, ராட்ஜர்ஸுக்கு 12 இடைமறிப்பு. கிக் ரிட்டர்ன் என்ன செய்யும் பெரியப்பா? 25-இல் தொடங்க வேண்டியதை 30-இல் தொடங்கிக் கொடுக்கும். மிச்சம் 70 யார்டை வேறு யாராவதுதான் கடக்க வேண்டும்.

பெரியப்பா: அப்படியானால் போன ஜனவரியில் எல்லாப் பழியையும் அந்தக் குழு தலையில் போட்டாயே.

செந்தில்: அந்த ஒரு ஆட்டத்துக்கு அது உண்மை. இப்போதும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

2023 ஜனவரி 14, சனி

அம்மா: அனைவருக்கும் போகி வாழ்த்துகள். பழையதைக் கொளுத்துகிறேன் என்று புகை போடாதீர்கள்.

முகிலன்: நிக்ஸன் ஆல்-ப்ரோ முதல் அணியில், அதாவது லீக்கின் இந்த சீசன் சிறந்தவர்கள் பட்டியலில்! கிக் ரிட்டர்னர் இடம்!

கவிதா: அவருக்கு வாழ்த்து. நாங்கள் 13-4. நாளை நியூயார்க் ஜயன்ட்ஸ், எங்கள் ஊரில். யாரும் கண் வைக்காதீர்கள்.

2023 ஜனவரி 16, திங்கள்

அம்மா: மாட்டுப் பொங்கல் வாழ்த்துகள். கவிதா ஏன் பதில் எழுதவில்லை?

செந்தில்: 31-24 அம்மா. ஜயன்ட்ஸ் ஜெயித்துவிட்டது.

பெரியப்பா: அவளை விடு, மாலையில் நான் பேசுகிறேன். முகிலா, அந்த நிக்ஸனுக்கு ஒரு வருட ஒப்பந்தம் என்றாயே, எப்போது முடிகிறது?

முகிலன்: மார்ச்சில்.

பெரியப்பா: செந்தில், நீ பங்குதாரர்தானே? ஒரு கடிதம் எழுதிப் போடு.