எங்கள் மலை ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய பதிவேடு

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற வழியில் பிரியும் சின்ன ஊர் எங்களுடையது. ஆண்டு விழாவில் பள்ளி வரலாறு பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். பெரியவர்கள் இன்னமும் 'போர்டு ஸ்கூல்' என்றுதான் சொல்கிறார்கள், ஜில்லா போர்டு போய் ஊராட்சி ஒன்றியம் வந்தே அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சரி என்று தலைமை ஆசிரியையிடம் போனேன். பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். அட்டை போய், ஓரமெல்லாம் பூச்சி அரித்து, சணலால் கட்டியிருந்தது.

முதல் பெயர் 1957-இல். காப்பிச் செடி 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்திலேயே இந்த மலைக்கு வந்துவிட்டது, ஏற்காட்டில் மான்ஃபோர்ட் உறைவிடப் பள்ளி 1917-இல் வந்தது, எங்கள் ஜனங்களுக்கு ஒரு ஓட்டுக் கொட்டகையும் ஒரு வாத்தியாரும் கிடைக்கக் காமராஜர் காலம் வரை ஆகியிருக்கிறது. பிறந்த தேதி எல்லாருக்கும் மே அல்லது ஜூன். வீட்டில் யாருக்கும் தேதி தெரியாது, கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயசு என்று எழுதிக்கொண்டார்கள். அப்படி எழுதின தேதியில்தான் என் அப்பா ரிட்டயர் ஆனார்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தார். அதற்கு அடுத்த பக்கங்களில்தான் பெண் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஆனால் பெயருக்கு நேரே கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் 'நீண்ட நாள் வருகை இல்லை, நீக்கம்' என்று இருக்கிறது, ஒன்றிரண்டு இல்லை, பக்கத்துக்கு ஏழெட்டு. தேதி எல்லாம் டிசம்பர், ஜனவரி. காப்பிப் பழம் பறிக்கிற மாதங்கள். அதைப் பார்த்ததும் மேற்கொண்டு புரட்ட மனசு வரவில்லை.

— — —

ஐயா, நான் இதே மலையில் வேறொரு ஊரில் ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவன். அந்தச் சிவப்பு மையை நானும் தொட்டிருக்கிறேன். வருகை குறைந்தால் மேலே பதில் சொல்ல வேண்டும், பெயரை எடுத்துவிட்டால் கணக்கு சரியாக நிற்கும். இரண்டு வருஷம் அப்படித்தான் செய்தேன். ஒரு நாள் எஸ்டேட் தொழிலாளிகள் குடியிருக்கிற லைன் வீட்டுப் பக்கம் போனபோது, நான் நீக்கின பையன் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு நிற்கிறான், விரலெல்லாம் பழச்சாறு ஒட்டிக் கறுத்திருக்கிறது, என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு "வணக்கம் சார்" என்றான். அதற்கு அப்புறம் யார் பெயரையும் அடிக்கவில்லை. பிப்ரவரியில் பறிப்பு முடிந்ததும் வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்தேன். பாதிப் பேராவது திரும்பி வந்தார்கள்.

— — —

பதிவேட்டைப் பார்த்த அண்ணா, நீங்கள் சொல்வது எங்கள் பள்ளிதான் என்று நினைக்கிறேன், வாசலில் பெரிய பலா மரம் நிற்குமே. 1987-இல் நாலாம் வகுப்பு படித்தேன். தம்பி பிறந்திருந்தான், அம்மா பறிக்கப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பொங்கல் கழித்துப் போனபோது பெயர் இல்லை என்றார்கள், ஜூனில் வரச் சொன்னார்கள், நான் போகவில்லை. இப்போது என் மகள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். அம்மா எதுவரைக்கும் படித்தாய் என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்த வருஷத்துப் பக்கம் கிழியாமல் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புவீர்களா? சிவப்பு மை இருந்தாலும் பரவாயில்லை, அவளுக்குக் காட்ட வேண்டும்.