1971 வழக்கின் தீர்ப்பு நகல் வேண்டும், தொண்டிப் பக்கம். எந்தக் கோர்ட்டில் கேட்பது?

தொண்டிப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். தொண்டிக்கும் நம்புதாளைக்கும் நடுவே கடலை ஒட்டி எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. பெரிய தோப்பெல்லாம் இல்லை, தாத்தா வைத்த மரங்கள். அதற்குப் போக பக்கத்துப் புஞ்சை ஓரமாக ஒரு வண்டிப்பாதை, அதே பாதைதான் அப்படியே கரைக்கும் இறங்கும், வலை காயப்போடுகிறவர்களும் அதில்தான் போய்வருவார்கள். போன வருஷம் அந்தப் புஞ்சையை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். இப்போது கல்லுக்கால் ஊன்றி கம்பிவேலி போட்டுவிட்டார். கேட்டால் என் பத்திரத்தில் பாதை என்று ஒரு வார்த்தைகூட இல்லை என்கிறார்.

இதே பாதைக்காகத் தாத்தா அந்தக் காலத்திலேயே கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார் என்று ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். தகரப்பெட்டியைக் குடைந்ததில் வக்கீல் தாத்தாவுக்குப் போட்ட ஒரு தபால் கார்டு கிடைத்தது. அதில் ஓ.எஸ். (அசல் வழக்கு) என்று இருக்கிறது, நம்பர் இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது, /71 மட்டும் தெளிவாகத் தெரிகிறது. எந்த ஊர்க் கோர்ட் என்று அதில் இல்லை. மொபைலில் இ-கோர்ட்ஸ் ஆப்பில் தாத்தா பெயரைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

விசாரிக்கப் போன இடத்தில் ஒருவர் வக்கீல் வைத்தால்தான் நகல் தருவார்கள் என்றார். வாசலில் நின்ற இன்னொருவர் எட்டாயிரம் கொடுங்கள், பழைய வழக்குக் காகிதக் கட்டையே எடுத்துவிடலாம் என்கிறார். அப்பா இல்லை, அம்மா பெயரில்தான் எல்லாம் கேட்கவேண்டும். எந்தக் கோர்ட்டில் கேட்பது, நாங்களே மனு போடலாமா, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கிடைக்குமா, இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தக் காகிதம் இருக்குமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பழைய குமாஸ்தா:

தங்கச்சி, முதலில் அந்த எட்டாயிரத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே. நான் ராமநாதபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக வெகுகாலம் இருந்தவன், இந்த நகல் மனு வேலைதான் எனக்குச் சோறு போட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உன் கஷ்டம் எங்கே என்றால் நம்பரும் கோர்ட்டும் தெரியாததுதான், மற்றதெல்லாம் சுலபம். 1971-ல் மாவட்டம் இப்போது இருக்கிற மாதிரி இல்லை. சிவகங்கையும் விருதுநகரும் 1985-ல்தான் பிரிந்தன, அதற்கு முன்னால் எல்லாம் ஒரே ராமநாதபுரம் ஜில்லா, அந்த ஜில்லாக் கோர்ட்டே மதுரையில்தான் இருந்தது. பழைய தீர்ப்புகளில் 'ராமநாதபுரம் ஜில்லா ஜட்ஜ், மதுரை' என்றே போட்டிருக்கும். தொண்டிப் பக்கத்து வழக்கு திருவாடானையிலும் நடந்திருக்கலாம், தேவகோட்டையிலும் நடந்திருக்கலாம். தேவகோட்டை இன்றைக்கு வேறு மாவட்டம் என்பதால் நம் பக்கத்து ஆட்கள் அங்கே போய்க் கேட்பதே இல்லை, ராமநாதபுரத்திலேயே சுற்றிவிட்டு இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். எதிர்க்கட்சி அப்பீல் போயிருந்தால் அந்தக் கட்டு தேவகோட்டை சப் கோர்ட்டிலோ மதுரையிலோ இருக்கவேண்டும். இரண்டாம் அப்பீல் என்றால் சென்னை ஹைகோர்ட். மதுரைக் கிளை 2004 ஜூலையில்தான் வந்தது.

நம்பரை எப்படிப் பிடிப்பது? அந்தப் புஞ்சை 1971-க்குப் பிறகு எத்தனை கை மாறியிருக்கிறது என்று பார். சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கம் போட்டு, அந்தக் காலத்துக் கிரயப் பத்திரம், பாகப் பிரிவினைப் பத்திரம் எதுவாக இருந்தாலும் நகல் எடுத்து முழுக்கப் படி. பழைய பத்திர எழுத்தர்கள் கவனமானவர்கள், சொத்தின் மேல் வழக்கு நடந்திருந்தால் 'இன்ன ஊர் முன்சீப் கோர்ட் ஓ.எஸ். இத்தனாம் நம்பர் டிகிரிக்குக் கட்டுப்பட்டு' என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள் (முன்சீப் கோர்ட் என்றால் கீழ்நிலை சிவில் கோர்ட், டிகிரி என்றால் தீர்ப்பின்படி கோர்ட் போடும் ஆணை). உங்கள் தோப்புப் பத்திரத்திலும் பார், நான்குமால், அதாவது நாலு பக்க எல்லை, சொல்லுகிற இடத்தில் 'கோர்ட் டிகிரிப்படியான பாதைக்கு மேற்கு' என்கிற மாதிரி இருந்தால் அதுவே பெரிய துப்பு. அப்புறம் அந்தக் கார்டை வெளிச்சத்தில் பிடித்து வக்கீல் பெயரைப் படி. அவர் இல்லாவிட்டாலும் அவருடைய ஜூனியர் யாராவது எங்காவது இருப்பார்கள்.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால், வருஷமும் வாதி பெயரும் போட்டு அந்த வருஷத்து வழக்குப் பதிவேட்டைப் பார்த்து நம்பர் சொல்லச் சொல்லி மனு கொடுக்கலாம். ஓ.எஸ். ரிஜிஸ்தர் என்று பெரிய பெரிய கணக்குப் புஸ்தகம் மாதிரி இருக்கும், ஒரு வழக்குக்கு ஒரு பக்கம், வாதி, பிரதிவாதி, தாவாச் சொத்தின் மதிப்பு, என்ன தீர்ப்பு, அப்பீல் போனதா, எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் கிடைக்கும். தேடுகிற சிரஸ்தாருக்கு, அதாவது கோர்ட் ஆபீஸ் தலைமை எழுத்தருக்கு, வேலை அதிகம், பொறுமையாகப் பேசினால் செய்வார்கள்.

இ-கோர்ட்ஸில் வராததற்குக் கவலைப்படாதே. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் முடிந்துபோன வழக்கு அதில் இருக்காது.

பாம்பன் கரை:

குமாஸ்தா அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்று சேர்க்கிறேன். தீர்ப்பு நகல் கையில் வந்ததும் கடைசிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள் அக்கா. வாதி தரப்புச் சான்றாவணங்கள் ஏ-1, ஏ-2 என்றும் பிரதிவாதி தரப்பு பி-1, பி-2 என்றும் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே தேதியும், அது கிரயமா, அடமானமா, வரி ரசீதா, யார் யாருக்கு எழுதிக்கொடுத்தது என்ற விவரமும் வரும்.

எங்கள் குடும்பத்துக் காகிதம் மொத்தமும் 1964 டிசம்பர் புயலில் போய்விட்டது, தனுஷ்கோடியில் வீட்டோடு போனது. பாம்பன் பக்கம் இருந்த ஒரு துண்டு நிலத்துக்குக் கையில் ஒரு பேப்பர் இல்லை. பிற்பாடு அதே நிலத்தில் பங்காளிகளுக்குள் நடந்த பழைய வழக்கின் தீர்ப்பு நகல் கிடைத்தது, அதில் ஏ-3 என்று எங்கள் கொள்ளுத்தாத்தாவின் கிரயப் பத்திரம், தேதியோடு இருந்தது. அந்தத் தேதியை வைத்துப் பதிவு ஆபீஸில் அந்தப் பத்திரத்துக்கே நகல் வாங்கிவிட்டோம். கோர்ட் காகிதம் ஒன்று கிடைத்தால் அது இன்னும் நாலு காகிதத்துக்கு வழி காட்டும், இதை நான் கண்ணால் பார்த்தவன். சில சமயம் வழக்கில் தாக்கல் செய்த மூலப் பத்திரத்தைத் திரும்ப வாங்காமலே விட்டிருப்பார்கள், அதையும் கேட்டுப் பாருங்கள்.

தொண்டிப்பொண்ணு:

ரொம்ப நன்றி அண்ணே, பாம்பன் தம்பிக்கும் நன்றி. தேவகோட்டை என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோப்புப் பத்திரத்தில் 'கோர்ட் பாதை' என்று ஒரு சொல் இருக்கிறது, நம்பர் இல்லை. கார்டில் வக்கீல் பெயருக்குக் கீழே தேவகோட்டை என்று முத்திரை மங்கலாகத் தெரிகிறது! தகவல் உரிமைச் சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதில் பத்து ரூபாயில் முடியும் என்கிறார்கள்.

வழக்கறிஞர் ஒருத்தி, பரமக்குடி:

தகவல் உரிமையில் நேரம் போக்காதீர்கள். வழக்குக் கட்டில் உள்ள தீர்ப்பு, மனு, சாட்சியம் இவற்றின் நகலைக் கோர்ட் விதிப்படிதான் விண்ணப்பித்து வாங்கவேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தை அதற்குப் பயன்படுத்த முடியாது என்று குஜராத் ஹைகோர்ட் சம்பந்தப்பட்ட வழக்கில் 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மனு போட்டால் அதைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள், ஒரு மாதம் வீணாகும்.

வக்கீல் வைத்தால்தான் நகல் என்பது சரியில்லை. வழக்கில் கட்சிக்காரராக இருந்தவர் தானே நகல் மனு போடலாம், அவர் இறந்திருந்தால் வாரிசு போடலாம். அம்மா பெயரில் போடுங்கள், கூடவே தாத்தா, அப்பா இருவரின் இறப்புச் சான்றும், தாலுகா ஆபீஸ் வாரிசுச் சான்றும் வையுங்கள். வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாம் நபருக்கும் கிடைக்கும், ஆனால் எதற்காகக் கேட்கிறேன் என்று பிரமாணப் பத்திரம் போட்டு நீதிபதியின் உத்தரவு வாங்கவேண்டும். பொது ஆவணத்தைப் பார்வையிட உரிமை உள்ள எவருக்கும் கட்டணம் பெற்றுக்கொண்டு சான்றிட்ட நகல் தரவேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் 76-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 75-ஆம் பிரிவு.

முக்கியமாக ஒன்று. தீர்ப்பு மட்டும் கேட்காதீர்கள். பாதை வழக்கில் பெரும்பாலும் கோர்ட் தன் சார்பில் ஒருவரைக் கமிஷனராக அனுப்பி இடத்தை அளந்து பிளான் வாங்கியிருக்கும், டிகிரியோடு அந்தப் பிளானும் இணைந்திருந்தால் பாதை எத்தனை அடி அகலம், எந்த மூலையில் தொடங்கி எங்கே கரையில் இறங்குகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். நாளைக்கு வேலியைப் பிரிக்கச் சொல்லும்போது பேசப்போவது அந்தப் பிளான்தான். அதனால் பிராது (வாதி போட்ட வழக்கு மனு), தீர்ப்பு, சொத்து விவரத்தோடு டிகிரி, கமிஷனர் அறிக்கை, பிளான் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். அப்போதைய சர்வே நம்பர் இப்போது உட்பிரிவாகி மாறியிருக்கலாம், அதைத் தாலுகா ஆபீஸில் ஒப்பிட்டு வாங்கவேண்டும்.

டிகிரி பழசாகிவிட்டதே என்று பயப்படவேண்டாம். சாதாரண டிகிரியை நிறைவேற்றப் பன்னிரண்டு வருஷம்தான் கெடு, நிரந்தர உறுத்துக் கட்டளைக்கு (இதைச் செய்யாதே என்று என்றைக்குமாகத் தடுக்கும் ஆணைக்கு) மட்டும் அந்தக் கெடு இல்லை. புதிதாக வாங்கியவரை அது எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பது டிகிரியின் வாசகத்தைப் பார்த்துத்தான் சொல்லமுடியும், அதைப் படிக்காமல் யாரும் உங்களுக்கு உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

செலவு பற்றி யோசித்தால், மாவட்டக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம். இது நம் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியவே இல்லை, நகைகளை அடகு வைத்து வக்கீல் ஃபீஸ் கட்டுகிறார்கள், பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கீழக்கரை துபாய்:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். பழைய வழக்குக்கு இல்லாவிட்டாலும், இந்தச் சகோதரி இனிமேல் புதிதாக வழக்குப் போட்டால் இ-கோர்ட்ஸ் ஆப் கை கொடுக்கும். வழக்கு பதிவானதும் 16 எழுத்து-எண் கொண்ட ஒரு சி.என்.ஆர். நம்பர் வரும், அதை வைத்து நான் இங்கிருந்தே எங்கள் வழக்கின் வாய்தா தேதி, உத்தரவு எல்லாம் பார்க்கிறேன், காசு கிடையாது. ஆனால் அதில் இறங்குவது சான்றிட்ட நகல் ஆகாது. பழைய கட்டுகளை ஸ்கேன் செய்யும் வேலைக்கும் சேர்த்து 2023-ல் மத்திய அரசு இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ஒதுக்கியது, என்றைக்காவது 71-ஆம் வருஷத்துக் கட்டும் ஏறினால் எவ்வளவு பேருக்கு அலைச்சல் மிச்சம்.

தொண்டிப்பொண்ணு:

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன் அண்ணே. கட்டை அழித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டால்?

பழைய குமாஸ்தா:

அப்படியும் நடக்கும். கோர்ட் காகிதத்தைக் கெடு முடிந்ததும் அழிப்பதற்கு 1917-லேயே சட்டம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொளுத்துவதில்லை. சம்மன், பேட்டா காகிதம், வாய்தா மனு இவையெல்லாம் முதலில் போகும், நிலத்து வழக்கின் தீர்ப்பும் டிகிரியும் அவற்றைவிட நெடுங்காலம் வைத்திருப்பார்கள். முன்சீப் கோர்ட்டில் இல்லை என்றால் ஜில்லாக் கோர்ட் ரெக்கார்டு ரூமுக்கு எப்போது அனுப்பினார்கள் என்று கேள்.

வாயால் இல்லை என்று சொன்னால் வந்துவிடாதே. உன் நகல் மனுவிலேயே 'கட்டு அழிக்கப்பட்டது' என்று எழுதி முத்திரை போட்டுத் தரச்சொல். அந்த எழுத்து கையில் இருந்தால்தான் வேறு இடத்தில் கிடைக்கிற நகலை இரண்டாம்நிலைச் சாட்சியமாகக் கோர்ட்டில் காட்டமுடியும். அப்பீல் போயிருந்தால் அந்தக் கட்டில் கீழ்க்கோர்ட் தீர்ப்பின் சான்றிட்ட நகல் ஒன்று இருக்கவேண்டும், அப்பீல் போடும்போதே அதை வைத்தாகவேண்டும் என்பது விதி. எதிர்க்கட்சி குடும்பத்திலும் ஒன்று இருக்கும், புஞ்சையை விற்றவர் வீட்டில் நயமாகப் பேசிப் பார், அவர்களுக்கு இப்போது உன்னோடு பகை இல்லையே.

தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தாலும் திகைக்காதே. கீழ்க்கோர்ட்டில் தமிழ் வருவதற்கான சட்டத் திருத்தம் 1976-ல்தான்.

மனுவை இப்படி எழுது: தேவகோட்டை முன்சீப் கோர்ட், 1971-ஆம் வருஷத்து அசல் வழக்கு, வாதி உன் தாத்தா பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாவாச் சொத்து இன்ன கிராமம், எண் தெரியாததால் பதிவேட்டைப் பார்த்து எண் தெரிவித்து, வழக்கறிஞர் தங்கச்சி சொன்ன காகிதங்களுக்கு நகல் தரும்படி. கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்து, நகல் மனு எண்ணைக் கட்டாயம் எழுதி வாங்கிக்கொள். அதற்குப் பிறகுதான் கவனமாக இருக்கவேண்டும்: நகலுக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவார்கள், வீட்டுக்குத் தபால் வரும் என்று காத்திருந்தால் நாள் கடந்து மனு தள்ளுபடியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. உனக்குத் தொண்டியிலிருந்து தேவகோட்டைக்கு பஸ் ஒன்றே போதும், வாரம் ஒருமுறை போய் போர்டைப் பார். போகும்போது அந்தத் தபால் கார்டை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதே, ஜெராக்ஸ் எடுத்து அதைக் கொடு.